அத்தானின் மணல் வாளி

பெண் பார்க்க வருகிற அன்று பெண் வீட்டுக்காரர்கள் கையில் என்னென்ன இருக்கும்? தாம்பாளம் இருக்கும், பூ இருக்கும், வெற்றிலை பாக்கு இருக்கும். என்னைப் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு ஆண்பிள்ளை கையில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. உள்ளே விளிம்பு வரை சலித்த ஆற்று மணல். வெளியே வெள்ளைப் பெயிண்டில் 'தீ' என்று ஒற்றை எழுத்து, தூரத்தில் வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி கொட்டையாக. அதை சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டு, கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதித்துக்கொண்டு அத்தான் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அம்மா வாளியைப் பார்த்தாள், அந்த எழுத்தைப் படித்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிற நாளில் தீ என்று எழுதியதைத் தூக்கிக்கொண்டு எந்த மனிதன் வருவான்?

அத்தான் வருவார். அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தென்காசியில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். படம் ஓட்டுகிறவர் என்பதால் ஊரில் அவருக்கு ஒரு மவுசு இருந்தது. அதை அவரும் நன்றாக அறிந்துவைத்திருந்தார். மல் ஜிப்பா, பவுடர் பூசிய கழுத்து, வெற்றிலை போடாத வெள்ளைப் பல். தன்னைப் பற்றி ரொம்பவே உயர்வான எண்ணம். ஆனால் அவருக்கு ஒரே ஒரு பயம் உண்டு, அது நெருப்பு. ஆபரேட்டர் அறை என்பது சின்னப் பொந்து. ஒரு பக்கம் படம் காட்டுகிற மெஷினில் கார்பன் குச்சி கண்ணைப் பறிக்க எரியும், மறு பக்கம் பிலிம் சுருள்கள் அடுக்கியிருக்கும். பழைய பிலிம் பற்றிக்கொண்டால் கதவைத் திறந்து ஓடக்கூட நேரமிருக்காது என்பார். கொட்டகைச் சுவரில் வரிசையாகத் தொங்குகிற மணல் வாளிகளை அவர்தான் தினமும் தொட்டுப் பார்ப்பார். மணலில் யாராவது பீடியைக் குத்தி அணைத்திருந்தால் அன்றைக்கு இடைவேளையில் ஒரு சண்டை நிச்சயம். அந்த வாளிகளைப் போலவே ஒன்றைச் சொந்தமாகச் செய்து, மிச்சமிருந்த பெயிண்டை அடித்து வீட்டிலும் வைத்துக்கொண்டார். அக்கா குடித்தனம் பண்ணியது அந்த வாளியோடுதான்.

அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் ஆண் துணை என்று சொல்லிக்கொள்ள அத்தான் ஒருவர்தான். ஆனாலும் அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்த தலைமுறை. சொல்லவேண்டியதை அக்காவைப் பார்த்துச் சொல்லுவாள். அக்கா இல்லாவிட்டால் தூணைப் பார்த்துச் சொல்லுவாள். அன்று காலையும் தூணைப் பார்த்து, "அந்த வாளி இங்கனயே இருக்கட்டும்னு சொல்லு" என்றாள். குற்றாலத்தில் காப்பி போட ஸ்டவ் எடுத்துப் போவதாக இருந்தது. அத்தானும் தூணைப் பார்த்தே பதில் சொன்னார்: "ஸ்டவ் வந்தா வாளியும் வரும்." கடைசியில் அம்மா ஒரு வாழை இலையைக் கிழித்து அந்த எழுத்தின் மேல் சுற்றிக் கட்டினாள். பெண் பார்க்கும் படலம் இப்படித்தான் தொடங்கியது.

குற்றாலத்தில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் அப்போது சகஜம். வீட்டு வாசலில் கார் வந்து நின்றால் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோகும். பிடிக்காமல் அவர்கள் திரும்பிவிட்டால், அடுத்த வரன் வருகிறவரை ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் என்றால் அந்தக் கஷ்டம் இல்லை. அவர்களும் குளிக்க வந்தார்கள், நாமும் குளிக்கப் போனோம், வழியில் பார்த்துக்கொண்டோம், சேர்ந்து ஒரு காப்பி குடித்தோம், அவ்வளவுதான். அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் அருவிக் குளியல். ஆனி ஆடியில் சாரல் விழுகிற தோப்புகளில் எத்தனையோ கல்யாணம் அப்படி முடிவாகியிருக்கிறது.

எனக்கு வந்த வரன் வாசுதேவநல்லூர்க்காரர். சிவகிரியில் ஒரு பாங்கியில் வேலை. தகப்பனார் இல்லை, அம்மா உண்டு. எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர் தாய்மாமா. நல்ல இடம் என்று அம்மா அந்த மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஜாதகம் பொருந்தாமல் இரண்டொன்று தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் பெண்ணை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்கிற கவலை அவளைத் தூங்கவிடவில்லை. இதுவும் தப்பினால் அம்மா படுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. போட்டோவை அக்கா காட்டியபோது வேண்டா வெறுப்பாகப் பார்ப்பதுபோல் நன்றாகவே பார்த்துவைத்திருந்தேன்.

அந்த நாளுக்கென்று அம்மா பெட்டியிலிருந்து ஒரு நைலான் சேலையை எடுத்தாள். கொழும்பிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. அப்போது நைலான் என்றால் பட்டுக்கும் மேலே. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், நனைந்தால் உதறின உடனே காய்ந்துவிடும். குற்றாலத்துக்கு அதைவிடப் பொருத்தமான சேலை உண்டா? ரோஜா நிறம் வேறு. குதிரை வண்டியில் ஏறும்போது அத்தான் என்னைப் பார்த்தார். அழகாக இருக்கிறாய் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ஏட்டி, இதக் கெட்டிக்கிட்டு நீ ஸ்டவ் பக்கம் வரப்படாது. பத்துனா ஒடம்போட ஒட்டிக்கிடும்" என்றார். வண்டி நகர்ந்தது. அவர் வாளியும் சைக்கிளுமாகப் பின்னால் வந்தார்.

அந்த ஸ்டவ்வைப் பற்றிச் சொல்லவேண்டும். பித்தளை டேங்க், மூன்று கால், ஒரு கைப்பிடி பம்ப். பயணத்துக்கென்றே செய்த சின்ன ஸ்டவ். ஒவ்வொரு சீசனுக்கும் அதை எடுத்துக்கொண்டு போவோம். ஆனால் அத்தான் அதைப் பற்றவைப்பது என்பது ஒரு பூஜை மாதிரி. முதலில் ஆடாத பாறையாகத் தேடுவார். சதுரமான தகரத் தடுப்பைக் காற்று வருகிற பக்கம் மட்டும் வைப்பார். சுற்றி வளைத்து மூடினால் டேங்க் கொதித்துவிடும் என்பார். மண்ணெண்ணெயை வீட்டிலேயே டேங்கில் ஊற்றிக்கொண்டு வருவார், கழுத்து வரை நிரப்பமாட்டார். மிச்ச எண்ணெய் பாட்டில் பத்துப் பதினைந்து அடி தள்ளி, காற்று வருகிற பக்கமாக நிழலில் இருக்கும். கிண்ணியில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, பர்னர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பம்பில் கை வைப்பார். எரிகிற ஸ்டவ்வைத் தூக்கி இடம் மாற்றக் கூடாது. முந்தானை பறக்கிறவர்கள், எண்ணெய் தேய்த்த தலையை விரித்துப் போட்டவர்கள் எல்லாரும் தள்ளி நிற்கவேண்டும். அருவியில் குளித்துவிட்டுப் பசியில் வயிறு காந்த நாங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், இந்த மனுசன் காப்பி போடுகிறதுக்குள் சீசனே முடிந்துபோகும் என்று சொல்லிச் சிரிப்பார். அத்தான் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் அத்தானுக்குத் தெரிந்த ஒருவரின் மாந்தோப்பில் இடம் ஏற்பாடாகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை. வாசுதேவநல்லூர்க்காரர்கள் ஒரு வாடகைக் காரில் வந்து, குளித்து முடித்து, ஈரத் தலையோடு தோப்புக்கு வந்தார்கள். தாய்மாமா பெரிய உடம்பு, பெரிய குரல். உட்கார்ந்ததுமே, பெண் கையால் பஜ்ஜியும் காப்பியும் வரவேண்டும், ஒன்றரைக்கு ராகு காலம், அதற்குள் காப்பி குடித்துத் தாம்பூலம் வாங்கிவிடலாம் என்று அறிவித்தார். மாப்பிள்ளை ஒரு மரத்தடியில் குடையோடு நின்றார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஸ்டவ் அழகாக இருக்கிறதாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களோடு வந்து உட்காரவே இல்லை. தோப்பின் கடைசியில், ஓடைக்கரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா போய்க் கூப்பிட்டதற்கு, இருக்கட்டும் என்று தலையை மட்டும் அசைத்தார். அம்மாவின் முகம் வாடிப்போனது. பெரிய இடத்துக்காரி, நம்மை மதிக்கவில்லை என்று அக்காவின் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த முதுகோடுதான் காலம் தள்ளவேண்டுமா என்று நினைத்தேன்.

முதல் தகராறு சாரலில் வந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பி, மெல்லிய தூறலைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. காருக்குப் பக்கத்தில் டிரைவர் ஒரு படுதாவை இழுத்துக் கட்டினார். ஓடைக்கரையில் இருந்தவர் தவிர எல்லாரும் அதற்குள் புகுந்தோம். ஸ்டவ்வையும் உள்ளே எடுத்து வரச் சொன்னார் தாய்மாமா. அத்தான் வெளியே நனைந்துகொண்டே, "படுதாவுக்குள்ள ஸ்டவ் வராது அண்ணாச்சி. மனுசன் நனைஞ்சா தொவட்டிக்கிடலாம்" என்றார். சொன்னபடியே நனைந்தார். ஒரு கையால் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பஜ்ஜி போட்டு எடுத்தார். பவுடர் எல்லாம் கரைந்து கழுத்தில் வழிந்தது. ஆண்பிள்ளை பஜ்ஜி போட, பெண் படுதாவுக்குள் நிற்கிறாள். தாய்மாமா மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அவர் மெதுவே எல்லாருக்கும் கேட்கும். பெண்ணுக்கு அடுப்பு வேலை தெரியாதா, அல்லது கையில் ஏதும் குறை இருக்கிறதா, ஏன் அவளைப் பக்கத்தில் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா என் இரண்டு கையையும் பிடித்து அவர்முன் நீட்டிக் காட்டினாள். அந்த அவமானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பஜ்ஜி நன்றாக இருந்தது என்பதுதான் வினை. தாய்மாமா இன்னொரு ஈடு கேட்டார், பிறகு இன்னொன்று. சாரல் நின்று, வெளியே வந்து, பஜ்ஜிச் சட்டியை இறக்கிப் பால் சட்டியை ஏற்றியபோது மணி ஒன்றுக்கு மேல். பால் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. ஸ்டவ் இரண்டு தடவை விக்கியது. நீல ஜுவாலை மஞ்சளாகி, குட்டையாகி, அணைந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டது.

பாட்டில் இருந்தது. பாட்டில் நிறைய எண்ணெயும் இருந்தது. எடுத்து ஊற்றினால் ஐந்து நிமிஷத்தில் பால் பொங்கிவிடும். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் இருக்கிற இடத்தில், முதல் தடவையாக அத்தானைப் பார்த்தே பேசினாள். சீக்கிரம் ஊற்றுங்கள் என்றாள். அத்தான் காற்றுத் திருகைத் திறந்துவிட்டார். உஸ்ஸென்று ஆவி போயிற்று. டேங்கின் பக்கமாகப் புறங்கையைக் கொண்டுபோய், தொடுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டார். "கொதிக்குது. ஆறட்டும்" என்றார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தாய்மாமா கேட்டார். அரை மணியாவது ஆகும் என்று பதில் வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நேராகப் பாட்டில் இருந்த இடத்துக்கு நடந்தார், தானே ஊற்றிவிடுவதென்று. அத்தான் குறுக்கே ஓடினார். மல் ஜிப்பாவும் மவுசுமாக இருந்த மனிதன் ஈர வேட்டி தடுக்க ஓடி, பாட்டிலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோப்பின் மறு கோடியில் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பார்த்தவர்கள் சிரித்திருக்கவேண்டும். யாரும் சிரிக்கவில்லை. தாய்மாமா கீழே நின்று கத்தினார். "ஒண்ணரைக்கு ராகு காலம் வருதுவே. நல்ல காரியம் கெட்டுப்போவும். கொண்டாரும் பாட்டில."

"ராகு காலம் ஒண்ணரை மணி நேரத்துல போயிரும் அண்ணாச்சி" என்றார் அத்தான். "சூட்டுல ஊத்தி ஆவில தீப்பிடிச்சுதுன்னா, போறது திரும்பாது. எங் கொழுந்தியா அதுக்குப் பக்கத்துல நைலான் சேலையக் கெட்டிக்கிட்டு நிக்கா. நான் தரமாட்டேன்."

மறுபடி தூறல் பிடித்தது. அத்தான் இறங்கவில்லை. பாட்டிலை ஜிப்பாவுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையை நனையாமல் வைத்திருப்பதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். நடந்துபோய், பாறைக்குப் பக்கத்தில் நின்று, கையிலிருந்த குடையை அத்தானுக்குப் பிடித்தார். மாமா கூப்பிட்டுப் பார்த்தார், அவர் நகரவில்லை. நான் படுதாவுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நிமிஷத்தில் அந்த மனிதரை அவ்வளவு பிடித்துவிட்டது. பிடித்த நிமிஷத்தில்தான் எல்லாம் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை ஆனதும் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இப்படி ஒரு பிடிவாதக்காரன் தலைமையில் இருக்கிற வீட்டில் சம்பந்தம் வைத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்றார். எல்லாரும் காருக்கு நடந்தார்கள். ஓடைக்கரையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். ஸ்டவ் இருந்த இடத்தைத் தொலைவாகச் சுற்றிக்கொண்டு வந்து, பாறையில் இருந்த அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் அருகில் வந்தார். பேசுவார் என்று நினைத்தேன். என் முந்தானை நுனியை இரண்டு விரலால் எடுத்து, துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டுப் போய்விட்டார். துணியின் தரம் பார்க்கிறாளாம், இந்த நேரத்தில்கூட, என்று அம்மா அழுகையோடு சொன்னாள். பால் அப்படியே இருந்தது, ஆடைகூடப் படியாமல்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டுமா? அம்மா தூணோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அத்தான் வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். அக்கா நடுவில் கிடந்து தவித்தாள். ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டோம், இன்னொரு பெண்ணின் வாழ்வை அவரே கெடுத்தார் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். எனக்கும் மனத்தாங்கல்தான், பொய் சொல்வானேன். அந்தக் குடை கண்முன் வந்து வந்து போனது. அத்தான் மட்டும் வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார், வழக்கம்போல் சாயங்கால ஆட்டத்துக்குப் போனார். தான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம்.

மறு வாரம், செவ்வாய்க்கிழமை பிற்பகல், கொட்டகையில் வேலை பார்க்கிற ஒருவர் ஓடி வந்து, அத்தான் தன் வீட்டுக்கு எங்களை உடனே வரச் சொன்னதாகச் சொன்னார். போனால், கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். யார் வீடு எங்கே என்று தெரியாமல், ஆபரேட்டர் என்று கேட்டுக் கொட்டகை வாசலில் போய் நின்றிருக்கிறார். தம்பிக்குத் தெரியாது, மகனுக்கு மட்டும் தெரியும் என்றார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு, அந்த நேரம் ராகு காலம் வேறு. இந்த வேளையில் வந்து என்ன சொல்லப்போகிறாளோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவே இல்லை.

"எனக்கு மூத்த மக ஒருத்தி இருந்தா தம்பி. கெட்டிக்குடுத்த வீட்டுக்கு விருந்தாளு வந்திருக்காவ. காப்பி போடுத நேரம் ஸ்டவ்வுல எண்ணெ தீந்துபோச்சு. சீக்கிரம் ஊத்துட்டின்னு சொல்லிருக்காவ. ஊத்திட்டா."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"வீடு நெறைய ஆளு இருந்துச்சு. ஆறட்டும்னு சொல்ல ஒருத்தர் இல்ல. பெறகு எல்லாரும் விதின்னாவ. எந்தம்பியும் அதத்தான் சொன்னான். நானும் தலைய ஆட்டிட்டு இருந்துட்டேன். அன்னைக்கு நீங்க அந்தப் பாட்டில வச்சிக்கிட்டு மழைல இருந்தத பாத்த பெறகு, அது விதி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஓடைக்கரையில் காட்டிய முதுகு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்டவ் எரிகிற சத்தத்தைக் கேட்கக் கூடாதென்று தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். என் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தது, அது பற்றிக்கொள்கிற துணியா என்றுதான். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுவும் அந்த நினைவில்தான். அக்காவைப் பறிகொடுத்த தம்பி அவர். தாய்மாமாவுக்கும் அக்கா மகள் போனது மறந்திருக்குமா? மறக்கவில்லை. ஆனால் நல்ல நேரம் தப்பிப்போகிறதே என்கிற அவசரம் வந்தபோது, அவர் கையும் அதே பாட்டிலுக்குத்தான் போனது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அம்மாவும்தானே ஊற்றச் சொன்னாள்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்தார். "ஒங்க மக எங்க வீட்டுக்கு வரட்டும். ஒரு பொண்ணுக்காவ சம்மந்தமே போனாலும் போவட்டும்னு உக்காந்திருக்க மனுசன் இருக்க வீடு. எனக்கு இதவிட வேற பொருத்தம் பாக்கத் தெரியல" என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நேரம் சரியில்லையே என்று அந்த அழுகைக்கு நடுவிலும் முணுமுணுத்தாள். இருக்கட்டும் என்றார் அவர். நல்ல நேரம் பார்த்துக் கட்டிக்கொடுத்த பெண்தான் போய்விட்டாள் என்று அவர் சொல்லவில்லை; ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அன்று குடிக்காமல் போன காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்றார். அக்கா விறகடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வேண்டாம், அந்த ஸ்டவ்விலேயே போடுங்கள் என்றார். அத்தானுக்கே ஒரு கணம் தயக்கம். பிறகு ஸ்டவ்வை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். கல்லைச் சமனாக்கினார், தடுப்பை வைத்தார், சிவப்பு வாளியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். வாழை இலை இல்லை. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நான் அன்று கட்டியிருந்தது பழைய சுங்குடிப் பருத்திச் சேலை. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகச் சொல்லி, தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். பர்னர் காய்ந்தது, பம்ப் பண்ணினேன், நீல ஜுவாலை வட்டமாக எழும்பியது. ஸ்டவ் இரைகிற சத்தம் கேட்டு அவர் கை சேலையை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன். ஆனால் எழுந்து போகவில்லை. பால் பொங்குகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தாய்மாமா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரே முன்னின்று கல்யாணத்தை நடத்தினார். சீர் வரிசையில் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நடுவில் அத்தான் புதுப் பெயிண்ட் அடித்த அந்த வாளியைக் கொண்டுவந்து வைத்தபோது, பந்தல் முழுக்கச் சிரித்தது. தாய்மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவை இனி அத்தை என்றே சொல்லலாம். அண்டாவையும் விளக்கையும் தூக்கப் பிள்ளைகள் வந்தார்கள். வாளியை அவர் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

அந்த வீட்டில் நான் அத்தையோடு வெகு காலம் குடித்தனம் பண்ணினேன். ஸ்டவ்வே நுழையாமல் இருந்த வீட்டுக்குள் சில வருஷம் கழித்து ஒரு ஸ்டவ் வந்தது. எண்ணெய் தீர்ந்தால் நான் கூப்பிடவேண்டியதே இல்லை. அத்தை எங்கிருந்தாலும் வந்து டேங்கில் கை வைத்துப் பார்ப்பார். அதற்குள் யார் வந்து காத்திருந்தாலும் சரி, பசியில் பிள்ளைகள் கத்தினாலும் சரி. சீசனுக்குக் குற்றாலம் போனால் அத்தானும் அக்காவும் வருவார்கள். தோப்பில் அத்தான் வழக்கம்போல் பூஜை நடத்துவார், நாங்கள் பசியோடு நிற்போம். அத்தை அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, வாளியைத் தன் காலடியில் வைத்துக்கொள்வார். அம்மாவும் கடைசிக் காலத்தில் தூணை விட்டுவிட்டு மருமகனோடு முகம் பார்த்தே பேசினாள்.

ஒருமுறை, என் முதல் பிள்ளை பிறந்து தென்காசிக்கு வந்திருந்தபோது, அத்தானுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது. அவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, எப்படியோ வார்த்தையைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "என்னத்துக்குட்டி? என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கலயே" என்றார். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. நன்றி என்பதை நாம் நடந்ததற்குச் சொல்லிப் பழகியிருக்கிறோம். உயிரைக் காப்பாற்றினார், பணம் கொடுத்தார், வேலை வாங்கிக் கொடுத்தார் என்று. நடக்காமல் போனதற்கு எப்படி நன்றி சொல்வது? அந்தத் தோப்பில் எண்ணெயை ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகாமலேகூடப் போயிருக்கலாம். பால் பொங்கியிருக்கும், தாம்பூலம் மாற்றியிருப்போம், அத்தானின் பெயரும் கெட்டிருக்காது. யார் கண்டார்கள்? அவர் அந்த 'யார் கண்டார்கள்' மேல் என்னை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. அதன் விலை தெரிந்தவர் எங்கள் எல்லாரிலும் அத்தை ஒருவர்தான்.

அத்தானும் இல்லை, அத்தையும் இல்லை. குடை பிடித்தவரும் போய்ச் சில வருஷமாகிறது. போன சீசனுக்கு என் மகனும் மருமகளும் பிள்ளைகளோடு குற்றாலம் கிளம்பினார்கள். இப்போது கையகல கேஸ் ஸ்டவ். திருகினால் பற்றிக்கொள்கிறது, பம்ப்பும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை. வயதானவள் தொணதொணக்கக் கூடாதென்று நான் ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் காரில் ஏற்றி முடித்த பிறகு மருமகள் மட்டும் மறுபடி உள்ளே போனாள். பின்கட்டிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள், கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து. எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்த சிவப்பு, வெள்ளையில் அதே எழுத்து. "இத வைக்காம எப்படி அத்தை போவேன்?" என்று காரின் பின்பக்கம் வைத்தாள். சாயங்காலம் நனைந்து, களைத்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் முதலில் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கொட்ட வேண்டி வராத மணல், விளிம்பு வரை அப்படியே இருந்தது.